மெரூனா, மெஹந்தியா

என் அலமாரியில் ஐந்தே நிறங்கள். மெரூன், மெஹந்திப் பச்சை, கடுகு மஞ்சள், காப்பிப்பொடி, சந்தனம். ஜவுளிக்கடைப் பெயர்களைத்தான் சொல்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் நிறங்களுக்கு எண்கள் மட்டுமே.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக்குக்கு நிறமேற்றும் குருணை செய்யும் ஆலை அது. வாளியோ நாற்காலியோ, எந்த நிறம் வேண்டுமென்று வாடிக்கையாளர் ஒரு சின்ன வில்லை அனுப்புவார். அதே நிறத்தில் நாங்கள் ஒன்று செய்து, இரண்டையும் லைட் பாக்ஸுக்குள் ஒட்டி வைத்துப் பார்ப்போம். உள்ளே சாம்பல் பூசி, மேலே பகல் வெளிச்சம் தரும் ட்யூப் போட்ட பெட்டி. அதன் முன்னால் நிற்பவரும் சாம்பல் கோட்டுதான் போட வேண்டும். சிவப்புச் சட்டையோடு நின்றால் அந்தச் சிவப்பு வில்லையில் விழுந்து ஏமாற்றிவிடும். மெஷினும் அளக்கும். ஆனால் சரக்கு வெளியே போகலாமா என்பதைக் கண்தான் முடிவு செய்யும். என்னோடு டிப்ளமா முடித்தவர்கள் பலர் வந்திருந்தும் என்னை எடுத்தது கண் பரிசோதனையைப் பார்த்துத்தான். ஒப்பந்தத்தில் இருக்கும் என்னை நிரந்தரமாக்குவதற்கும் ஆடி முடிந்ததும் அதே பரிசோதனை.

நாளெல்லாம் சாம்பலில் நின்றதால்தான் எனக்கென்று நிறம் தேடும் ஆசை வந்தது. முகத்தருகே துணியை வைத்துப் பார்த்துத் தனக்குப் பொருந்தும் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாமல், சாப்பாட்டு இடைவேளையில் லைட் பாக்ஸ் முன்னால் கண்ணாடியை நிறுத்தி, ஒவ்வொரு துப்பட்டாவாகக் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். வெளிர் ரோஸ் என்னைக் காய்ச்சல்காரி ஆக்கியது. ராமர் நீலம் கண்ணுக்குக் கீழே இருட்டை இழுத்தது. மெரூனும் மெஹந்தியும் போட்டதும் முகம் தெளிந்தது. தேறாதவற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். மீதியில் எதை எதோடு போட்டாலும் ஒத்துப்போகும். ஒரே விலக்கு: மெரூனோடு மெஹந்தி சேரக் கூடாது.

பேக்கிங் பிரிவில் இருக்கும் என் தோழி கம்பெனி பஸ்ஸில் திருவள்ளூரில் ஏறுவாள். நான் அதற்கு முன்பே மணவாள நகரில் ஏறி அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். அவள் எனக்கு வைத்த பெயர் கலர் டாக்டர். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. மெரூன் போட்டால், "இன்னா டாக்டரே, இன்னிக்கு கருவாட்டுக் கலரா?" என்பாள். சந்தன நிறம் போட்டால், "சாமிக்குப் பூசினது மிச்சம் கீதுபோல, எனக்கும் கொஞ்சம் குடேன்." அவள் கிண்டல் செய்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தது. டிபி. நுரையீரலில் இல்லை, யாருக்கும் ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். தினமும் மாத்திரை. அம்மாவுக்கும் தோழிக்கும் மட்டும் சொன்னேன். கட்டியை மறைக்கத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தேன். அப்போது அந்த ஐந்து நிறங்கள் எனக்கு அழகுக்காக இல்லை. நோயாளி முகத்தை நோயாளியாகக் காட்டாமல் வைத்திருப்பதற்கு.

மாத்திரை சாப்பிடும்போது பார்வை மங்கினால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் காலண்டர் தாளின் பொடி எழுத்தைப் படித்துப் பார்ப்பேன். படிக்க முடிந்தது. அதனால் கண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஒருநாள் தோழி பஸ்ஸில் ஏறியதும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இன்னாடி, தக்காளி மேல கீரையைக் கவுத்துக்கினு வந்துக்கிற?"

குனிந்து பார்த்தேன். மெரூன் டாப்ஸ். துப்பட்டாவும் மெரூன் என்றுதான் எடுத்திருந்தேன்.

"இது மெரூன்தான்டி."

"ஆமா, நான்தான் குருடி. மெஹந்திடி அது!"

சாயம் போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரைத் திட்டினேன். அம்மா துணியைத் திருப்பிப் பார்த்து, "தண்ணி மேல இன்னாத்துக்குப் பழி? துணி நல்லாத்தான் கீது" என்றாள்.

ஆலையிலும் அதே சமயத்தில் வில்லைகள் என்னோடு ஒத்துவரவில்லை. எனக்குச் சரியாகப் பட்டதை மெஷின் தப்பு என்றது. எங்கள் தொழிலில் யாரும் முதலில் கண்ணைச் சந்தேகப்பட மாட்டோம். ட்யூபைத்தான் சந்தேகப்படுவோம். ட்யூப் பழசானால் அதன் கீழே வெவ்வேறு நிறங்களும் ஒன்றுபோலத் தெரியும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

"போன மாசம்தானே மாத்துனேன் மேடம். நீங்க இன்னா, ட்யூப்பைத் துன்றீங்களா?"

"இன்னொண்ணு போட்டுப் பாருங்கண்ணா."

புது ட்யூபின் கீழும் அதேதான். அப்போதும் வாங்கிய ட்யூப்கள் எல்லாமே மட்டம் என்று தீர்மானித்து, வேறு கேட்டு மெயில் அனுப்பினேன்.

ஆடி ஞாயிறு ஒன்றில் அவசர ஆர்டருக்காக வேலை இருந்தது. பெரியபாளையத்தில் பஸ் கூட்டத்துக்குள் மாட்டி ஊர்ந்தது. வேண்டுதலுக்கு வேப்பிலை கட்டியவர்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போனார்கள்.

"அங்க பாருடி, வேப்பிலைக்குள்ள அந்த செவப்புப் பொடவை. இன்னா ஷேடு!" என்றாள் தோழி.

பார்த்தேன். அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. வேப்பிலையின் ரம்பப் பல்கூடத் தெரிந்தது. ஆனால் இலை எங்கே முடிகிறது, புடவை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சேற்று நிறம். சுற்றிலும் இருந்த மஞ்சள் புடவைகள் மட்டும் மஞ்சளாக இருந்தன. இது ஆடி வெயில். இதில் மாற்றுவதற்கு ட்யூப் இல்லை.

"எது சிவப்பு?" என்று கேட்டேன்.

தோழி சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு துப்பட்டாக்களையும் நிறமளக்கும் மெஷினில் வைத்தேன். திரையில் ஒன்று சிவப்புப் பக்கம், மற்றது பச்சைப் பக்கம். நடுவில் குழந்தைக்குக்கூடத் தெரியும் தூரம். நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு அழுக்குத் துணிகள். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சாம்பல் கோட்டின் கையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் கண் டாக்டர் புள்ளி அட்டைகளை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்தபோது நான் மடமடவென்று வாசித்த அதே மாதிரி அட்டைகள். இப்போது புள்ளிகள் மட்டும் இருந்தன, உள்ளே எண் இல்லை. மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைத் தொடும், பார்வை மங்குவதற்கு முன்பே சிவப்பும் பச்சையும் போய்விடலாம் என்றார். அதை மட்டும் நிறுத்தினார்.

"திரும்பி வந்துருமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு வரும்மா. மாசக்கணக்கில் ஆகும். முழுசா வரும்னு இப்ப சொல்ல முடியாது."

ஆலையில் லேப் பொறுப்பாளரிடம் நோயின் பெயரோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "அதுவரைக்கும் மெஷின்ல உக்காரும்மா. கண்ணு டெஸ்ட்டைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பாக்கறேன். ரொம்பத் தள்ள முடியாது" என்றார். சாம்பல் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது என் அலமாரிதான் என் பரிசோதனைக்கூடம். மெரூன் டாப்ஸ் எது என்று அதன் பொத்தானைத் தடவித் தெரிந்து போட்டுக்கொள்வேன். துப்பட்டாக்கள் இரண்டும் ஒரே கடை, ஒரே துணி, ஒரே ஓரம், தடவினால் தெரியாது. அம்மா நான் சொன்னபடி அவற்றைக் கலைத்துப்போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, மெரூன் என்று படுவதை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். தீர்ப்பு திருவள்ளூரில் ஏறும்: தப்பென்றால் தக்காளியும் கீரையும், சரியென்றால் கருவாடு. எது மெரூன் என்று தோழியிடம் கேட்பதில்லை. குருட்டு யோகத்திலும் பாதி நாள் சரியாக வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சரியான நாட்களையும் நம்ப முடிவதில்லை.

இன்று காலை அப்படி இல்லை. ஒரு துப்பட்டாவில் கொஞ்சம் சூடு தெரிந்தது. சாம்பலுக்குள் இருக்கும் தணல் அளவு சிவப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அது போகவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, அதையே சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, தோழி தக்காளி என்பாளா, கருவாடு என்பாளா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

திருவள்ளூரில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். பையை மடியில் வைத்து ஜிப்பைச் சரிசெய்தாள். பஸ் வளைவு திரும்பும்வரை எதிர்ப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சூப்பரா கீதுடி" என்றாள்.