ஆண்கள் வார்டின் ஒற்றை ஃபேன்

எங்கள் ஆண்கள் வார்டில் சீலிங் ஃபேன்கள் பெயருக்குத்தான் தொங்கின. பழுது பார்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எத்தனை முறை எழுதினாலும் கிணற்றில் போட்ட கல்தான். தூசி வருகிறதென்று ஜன்னல்களையும் சாத்தியே வைத்திருந்தார்கள். ஓடியது ஒரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அதை யாருக்கு வைப்பது என்பதில் நர்ஸான என் பேச்சுகூட எடுபடாது, வார்டு அட்டெண்டர் வைத்ததுதான் சட்டம். யாருக்கு மூச்சு அதிகம் வாங்குகிறதோ அவருக்குத்தான் வைப்பார். அதனால் அவரைக் காற்று மந்திரி என்போம். இளகிய மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவருடைய அண்ணன் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து, காலை உடைத்துக்கொண்டு எங்கள் வார்டுக்கே வந்து சேர்ந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்ததால் புரண்டுகூடப் படுக்க முடியாது.

"ஊருக்கெல்லாம் காத்து குடுக்கிறான். கூடப்பொறந்தவன் இங்க வேர்த்துச் சாகுறேன்."

"உனக்குக் கால்தானே உடைஞ்சிருக்கு, மூச்சு நல்லாத்தானே இருக்கு? கம்முனு படுண்ணே!"

ஒருநாள் காய்ச்சலும் இருமலுமாக ஒரு லாரி டிரைவரைச் சேர்த்தார்கள். மார்ச்சளி என்றுதான் நினைத்தோம். மூச்சுக்குத் தவித்தார். மந்திரி ஃபேனை அவர் தலைமாட்டில் வைத்தார். பிறகு, எதிர்வரிசையில் கிடந்த அண்ணனுக்கும் போகட்டுமே என்று கொஞ்சம் திருப்பினார்.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா சிஸ்டர்!" என்று சிரித்தார்.

டிரைவர் பிழைக்கவில்லை. பிறகு எதிர்வரிசையில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள், அண்ணனும் விழுந்தார். தண்ணீரைக் குறை சொன்னோம், சாப்பாட்டைக் குறை சொன்னோம். நோய்த்தடுப்புக்கென்று வந்த டாக்டரம்மாதான் வார்டின் படுக்கைகளைச் சுவரில் வரைந்து, நோய் கண்டவர்களுக்குச் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டார். டிரைவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். சிவப்பெல்லாம் எதிரே, ஒரே பட்டையாக விழுந்திருந்தது.

"ஃபேன் எங்க இருந்துச்சு?"

மந்திரியே போய் அந்த இடத்தில் நின்று காட்டினார். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே அண்ணனின் கட்டில். மந்திரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இருமும்போது வரும் கிருமி காற்றில் மிதக்கும், அதை ஃபேன் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஃபேனைப் பூட்டி வைத்தோம். ஜன்னல்களை முழுக்கத் திறந்து, காய்ச்சல்காரர்களை அவற்றின் ஓரமாக நகர்த்தினோம். மாஸ்க் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அதன்பின் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. ஏற்கனவே வந்தவர்களில் பாதிப்பேர் வீடு திரும்பவில்லை. ஜன்னலைத் திறக்க இத்தனை உயிர் வேண்டியிருந்ததே என்று இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணனுக்கு ஆக்சிஜன் வைத்தும் மூச்சு பிடிபடவில்லை. ஒரு மத்தியானம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாவது எனக்கு ஃபேன் போடுடா. மூச்சு வாங்குது பாரு."

நோய் தொடாதவர்கள் சில கட்டில்கள் தள்ளித்தான் படுத்திருந்தார்கள். மந்திரி அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கரண்ட் இல்லண்ணே."

தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"சரிடா. வந்ததும் போடு," என்றார்.