ஒற்றை மாட்டுக் கனகம்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. படித்திருந்தால் எங்கேயாவது ஓர் ஆபீசில் கைகட்டி நின்றிருப்பேன். படிக்காததால்தான் சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் முதல் ஆயில் இஞ்சினைச் சொந்தமாக வாங்கி, கட்டை வண்டியில் ஏற்றிக் கிணறு கிணறாகக் கொண்டுபோய் வாடகைக்கு இறைத்தேன். பின்னால் அரிசி மில்லும் வைத்தேன். இஞ்சின் முனிரத்தினம் என்றால் படப்பையிலிருந்து ஒரகடம் வரைக்கும் தெரியும். எந்தக் கிணற்றில் எவ்வளவு ஊறும், எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இஞ்சின் ஓடி முடிகிற வரைக்கும் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கு வராத சங்கதி எது? ஆகையால் கனகத்தைப் பற்றி நான் எழுதுவதை யாரும் வந்து திருத்த வேண்டியதில்லை.

கனகம் மணிமங்கலத்துப் பெண். எங்கள் ஊர் பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாமனார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் இருவருக்கும் பாகம் பிரித்தார். எழுத்து ஒன்றும் கிடையாது. களத்தில் நாலு பெரியவர்களை உட்காரவைத்து வாயால் சொன்னதுதான். கிழக்குப் பாதி பெரியவன் பலராமனுக்கு, மேற்குப் பாதி சின்னவன் தசரதனுக்கு, கிணறு பொது. வீட்டில் இருந்தது ஒரு ஜோடி மாடு. அதையும் பிரித்தார். வலத்து மாடு அண்ணனுக்கு, இடத்து மாடு தம்பிக்கு. பட்டா மட்டும் கிழவர் பேரிலேயே நின்றுவிட்டது.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழ முடியாது. அதனால் இரண்டு வீட்டு மாட்டையும் சேர்த்துப் பூட்டி, ஒரு முறை இவர்கள் நிலம், ஒரு முறை அவர்கள் நிலம் என்று உழுவார்கள். கூட்டு ஏர் என்போம். எங்கள் பக்கத்தில் ஏழைபாழைகளுக்கு இது புதிதில்லை.

கொஞ்ச காலத்தில் கிழவர் போனார். பாகம் பிரித்தபோது உட்கார்ந்திருந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பலராமன் வைக்கோல் போரில் பாம்பு கடித்துச் செத்தான். மகள் சரோஜா அப்போது சின்னக் குழந்தை. கனகம் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள் என்று தசரதன் எதிர்பார்த்தான். அவள் போகவில்லை. உழவுக்கு மாரி என்ற கூலியாளை வைத்துக்கொண்டு, மற்ற வேலையெல்லாம் தானே பார்த்தாள். பலராமன் காரியத்துக்கு யார் எவ்வளவு செய்தது என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பேச்சு நின்றதே தவிர ஏர் நிற்க முடியாதே. மாட்டைக் கொண்டுவந்து கட்டும்போது தசரதன் மாட்டிடம்தான் பேசுவான். "டேய் செவலை, உங்க ஊட்டாண்ட சொல்லு, நாளைக்கு எங்க மொறைன்னு." இவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியும்னு சொல்லு செவலை" என்பாள். இப்படியே வருஷக் கணக்கில் குடித்தனம் நடந்தது.

சர்க்காருக்கு லெவி நெல் அளக்கச் சொல்லி அதிகாரிகள் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. நில உச்சவரம்பு என்று வேறு பேச்சு. அப்போது ஜெகநாதன் என்ற ஒரு பிள்ளையாண்டான் சைக்கிளில் வந்து இறங்கினான். காஞ்சிபுரத்துப் பையன், விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறானாம். ஊரில் யாரைக் கேட்டானோ, நேரே என்னிடம் வந்தான். எல்லாக் கிணறும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே.

என்ன வேலை என்று கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினான். "ஒரே விதைநெல்லை எல்லாருக்கும் குடுத்துப் பார்த்தோம். ஒருத்தருக்கு விளையுது, பக்கத்து நிலத்துக்காரருக்கு விளையலை. குறை நெல்லுலயா, தண்ணியிலயா, ஆளும் மாடும் பத்தாததாலயான்னு தெரியணும். அதுக்காகச் சின்ன விவசாயிங்களை வகை வகையா பிரிக்கறோம். ஏரித் தண்ணியா, கிணறா, மானாவாரியா, சொந்த ஏரா, வாடகை ஏரா, வாரப் பங்குக்கு ஓட்டறாங்களா. இப்படிப் பிரிச்சா எந்த வகைக்கு எந்த விதைன்னு சொல்லலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கிணற்றுக்காரர்களைத் தனியாகப் பிரித்து இவன் எதற்குக் கணக்குப் பார்க்கிறான்? அவர்களுக்கெல்லாம் கரண்டு மோட்டார் கொடுத்துவிட்டால் என் இஞ்சினை யார் கூப்பிடுவார்கள்? எதுவாக இருந்தாலும் பக்கத்திலேயே இருந்து பார்த்துவிடுவோம் என்று நானே அவனை வீடு வீடாக அழைத்துப் போனேன்.

ஊர் அவனுக்குச் சொன்ன பதிலைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு போகம் எடுக்கிறவன், ஏரியில் தண்ணியே நிற்பதில்லை என்றான். களஞ்சியம் நிறைய நெல் வைத்திருந்தவன், சாப்பாட்டுக்கே கஷ்டம் என்று பெண்டாட்டியைக் கண் கசக்க வைத்தான். 'வகை' என்ற சொல் அவர்களைக் கலக்கிவிட்டது. முதல் வகையில் விழுந்தவனிடம் நெல்லை அள்ளுவார்கள் என்று ஒருத்தன் கிளப்பினான். மாடு எண்ணுகிறான் என்று தெரிந்ததும் பட்டியில் இருந்த உழவு மாடுகளை மணிமங்கலத்து உறவுக்காரர்கள் வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். சாலையில் மாடு போன புழுதியைப் பார்த்து, இன்றைக்கு எங்கே சந்தை என்று ஜெகநாதன் என்னைக் கேட்டான். நான் அவனை அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கனகம் மட்டும் மாட்டை ஓட்டவில்லை. ஒற்றை மாட்டை யார் எண்ணப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள். அதைப் பார்த்துத் தசரதனும் தன்னுடையதைக் கட்டியே வைத்திருந்தான்.

அவள் வேர்க்கடலைக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் போனோம். ஜெகநாதன் மரியாதையாகத்தான் கேட்டான். "ஏம்மா, உங்க கொழுந்தனார் பண்ணையத்துல நீங்க வருஷத்துக்கு எவ்ளோ நாள் வேலை செய்வீங்க?"

கனகம் கையிலிருந்த கொடியைக் கீழே போடாமல் நின்றாள்.

"யார் பண்ணையம்?"

"தசரதன் சொன்னாரே. எல்லாம் ஒரே பண்ணையம், அண்ணன் சம்சாரம் கூட இருந்து ஒத்தாசை பண்றாங்கன்னு. கிணறு ஒண்ணு, ஏர் ஒண்ணு, களமும் ஒண்ணு. நடுவுல வரப்புகூட இல்லையேம்மா. ஒரே ஏர்ல உழறதை நாங்க ஒரே பண்ணையம்னுதான் வச்சுக்கறோம்."

அவன் சொன்னதும் வாஸ்தவம்தான். அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று வரப்பே போடாமல், ஒரு பனைமரத்தையும் கிணற்று மூலையையும் அடையாளமாக வைத்து உழுதுவந்தார்கள். வெளியாள் பார்த்தால் ஒரே கழனி. பாகம் பிரித்ததற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை, பட்டா இல்லை. வருஷா வருஷம் அவள் அந்தக் கிழக்குப் பாதியில் இறங்கிப் பயிர் வைக்கிறாள் என்பது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அதையும் சர்க்கார் ஆள் ஒருத்தன் கூலி வேலை என்று எடுத்துக்கொண்டால், நாளைக்குச் சரோஜாவுக்குக் கொடுக்க என்ன மிச்சம் இருக்கும்?

இது பட்டா சம்பந்தப்பட்டதில்லை, ஆராய்ச்சிக்குத்தான், ஒன்றும் ஆகாது என்று ஜெகநாதன் எவ்வளவோ சொன்னான்.

"ஒண்ணும் ஆவாததுக்கு இன்னாத்துக்கு நீ வெய்யில்ல சைக்கிள் மிதிச்சுகினு வரே?" என்றாள்.

நான் அன்றைக்கே தசரதனைப் பிடித்துக் கேட்டேன். பெரிய பண்ணையமாகக் காட்டினால் கிணற்றுக்குக் கரண்டு சீக்கிரம் வரும் என்று யாரோ சொன்னார்களாம், இரண்டு வீட்டுக்கும் நல்லதுதானே என்றான். அவன் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நிஜமா, அண்ணி நிலத்தில் கண் வைத்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுகிறவன் நான், என்னாலேயே சொல்ல முடியவில்லை.

யாரும் எதிர்பார்க்காமல் மழை முந்திக்கொண்டது. எங்கள் பக்கத்துச் சம்பா, நாற்று விட்டு நடுவதில்லை. மழை பெய்து மண் பதமாக இருக்கும்போதே உழுது விதையைத் தெளித்துவிட வேண்டும். பதம் தவறினால் கலப்பைக் கொழு இறங்காது. ஊரே கலப்பையைத் தூக்கியது. மாடு எங்கே? மணிமங்கலத்தில். ஆள் மேல் ஆள் போனார்கள். அங்கேயும் அதே மழை. உறவுக்காரர்கள் அந்த மாடுகளைப் பூட்டி ஜோராகத் தங்கள் நிலத்தை உழுதுகொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்களாம். அதட்டவும் முடியாது, இவர்கள் மாடு ஒளித்த கதை வெளியே வந்துவிடும்.

ஊரில் மிஞ்சியது கனகத்தின் செவலையும் தசரதனின் மயிலையும்தான். அந்தத் தடவை முதல் முறை தசரதனுடையது. விடிந்ததும் செவலையை ஓட்டிப்போக வந்தான். கட்டுத்தறியில் மாடு இல்லை.

கனகம் செவலையைத் தன் நிலத்துக்கு ஓட்டிப்போய், கறவை நின்றிருந்த தன் வீட்டுப் பசுவை அதற்கு ஜோடியாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். பசுவை ஏரில் பூட்டுவது எங்கள் ஊரில் ஆகாது. மாரி கலப்பையைத் தொட மாட்டேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டான். அவளே மேழியைப் பிடித்தாள். பொம்பளை ஏர் பிடிப்பதும் ஆகாதுதான். செய்கிறதைச் சேர்த்துச் செய்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பசு குள்ளம், செவலை உயரம். நுகத்தடி சாய்ந்து, சால் பாம்பு போனமாதிரி வளைந்து வளைந்து போயிற்று. உழ மாடு இல்லாமல் சும்மா இருந்த ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"கனகம், பக்கத்துல ஆட்டையும் பூட்டேன், நேரா போவும்" என்றான் ஒருத்தன்.

"உன் மாடு மணிமங்கலத்துலருந்து வந்ததும் கேட்டுட்டு பூட்றேன்" என்றாள். அவனுக்குப் பக்கத்தில் ஜெகநாதன் நின்றிருந்தான். கேட்டவன் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான்.

பசு பாதி நிலத்தில் படுத்துவிட்டது. வாலை முறுக்கியும் எழவில்லை. கனகம் அடிக்கவில்லை, பூட்டை அவிழ்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நிலத்திலும் பதம் போகிறது, அவன் நிலத்திலும் போகிறது. தசரதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை மாட்டிடம் பேசவில்லை.

"அண்ணி, செவலையை வுடு. பதம் பூடும்."

"இது யார் நெலத்துல நிக்குது?"

அவன் ஊரைப் பார்த்தான், ஜெகநாதனைப் பார்த்தான். "உன் நெலத்துலதான்" என்றான்.

"வாயால சொன்னா காத்துல பூடும். உங்கப்பாவும் வாயாலதான் சொன்னாரு. வரப்பு போடு, மாட்டை ஓட்டிக்கினு போ."

தசரதன் தகராறு செய்யாமல் இல்லை. வரப்பு போட்டால் விளைகிற மண் வீணாகும் என்றான். வேண்டும் என்கிறவள் தன் பக்கத்து மண்ணில் போட்டுக்கொள்ளட்டும் என்றான். பாதி உன்னுது பாதி என்னுது என்று அவள் அதிலேயே நின்றாள். கடைசியில் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். பனைமரத்து முனையைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? கிணற்று மூலையில் தசரதன் பிடித்தான். கயிறு கிழக்கே ஒரு முழம் தள்ளி விழுந்தது. கனகம் போய் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயிறு திரும்பி வந்தது. அப்புறம் என் பக்கம் நடந்து வந்தாள்.

"அண்ணா, நீயும் கையை நவுத்தாதே."

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் என்னை அப்படிச் சொன்னவர் கிடையாது. இருந்தாலும் கயிற்றை அசையாமல் பிடித்தேன்.

இரண்டு மண்வெட்டி. மேற்கிலிருந்து தசரதன் வெட்டிப் போட்டான், கிழக்கிலிருந்து அவள் வெட்டிப் போட்டாள். வேடிக்கை பார்த்தவர்களில் நாலைந்து பேர் இறங்கி மிதித்துக் கொடுத்தார்கள். வரப்பு எழும்பியதும் செவலையைத் தன் கையாலேயே மேற்கே ஓட்டிப்போய் மயிலையோடு பூட்டிவிட்டு வந்தாள். அவன் நிலம் முடிந்ததும் மாரி அதே ஏரை இவள் நிலத்தில் இறக்கினான். அந்த வருஷம் எங்கள் ஊரில் பதத்தில் விதைத்தது இந்த இரண்டு வீடுதான். மற்றவர்கள் மாடு திரும்பி வந்து உழுதபோது கட்டிதான் பெயர்ந்தது.

பின்னால் ஜெகநாதன் சொன்னான், இரண்டையும் இரண்டு பண்ணையமாகவே வைத்துவிட்டானாம். ஒரே ஏர் என்றால் ஒரே பண்ணையம் என்பதை விட்டுவிட்டு, ஒற்றை மாட்டுக்காரர்களைத் தனி வகையாகவே பிரித்துவிட்டார்களாம். வல்லம் பக்கம், வடகால் பக்கமெல்லாம் தேடிப் பார்த்தால் அப்படி நிறைய வீடு இருந்ததாம். மாடு அடுத்தவனுக்குக் காத்திருப்பதால் இவர்களுக்கு விதைப்பு எப்போதும் பிந்துகிறது, ஆகவே சீக்கிரம் விளைகிற, வயது குறைந்த நெல் வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வகையை அவனுக்குக் காட்டிக் கொடுத்தது எங்கள் ஊர். சரியாகச் சொன்னால், அவனைக் கனகத்தின் நிலத்துக்கு அழைத்துப் போனவன் நான்.

இதையெல்லாம் கனகத்திடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவும் இல்லை, நம்பவும் இல்லை. அவன் எழுதுகிறதை அவன் எழுதட்டும் என்றாள்.

வரப்பு போட்ட அன்றைக்குச் சாயங்காலம் அந்த வழியாக வந்தேன். அன்றைய வேலை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் சேறு காயாத காலோடு வரப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலைதான் ஆயிற்றே, வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"ஈர மண்ணு. ராத்திரி யாராச்சும் வெட்டினா சத்தம் கேக்காது. காயற வரிக்கும் குந்திகினு இருக்கேன்" என்றாள்.