அம்மாவின் கை ஆகாதாம்

“உங்கம்மாவுக்குத் தமிழ் வருமா?” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு வெளியே மீன் விற்கிறவளிடம் போய்க் கேளுங்கள், வருமா வராதா என்று. “இன்னாமே, நேத்து மீனை இன்னிக்கு என் தலையில கட்டப் பாக்குறியா?” என்று செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சண்டைக்கு நிற்பாள் என் ஜெர்மன்காரி அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தமிழ் வராமல் வேறு என்ன வரும்?

அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வெல்டர். பயிற்சிக்கென்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போன மனிதர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார். அவருடைய அக்கா, என் அத்தை, வாசலிலேயே ஒப்பாரி வைத்தாளாம். அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும்போது அம்மா கரண்டியைத் தொடப் போனால், “அதெல்லாம் நம்ம சனம் செய்யிறது. நீ அப்பால நில்லு” என்பாள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிட்டால் அவள் பார்வை அம்மாவைத் தாண்டிப் போகும். ஆனால் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வீட்டில் வந்து படுத்தாளே, அப்போது அவளைத் தாங்கிப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போனது எந்தக் கை? அந்தக் கைக்கு மட்டும் சாதியும் சனமும் தேவைப்படவில்லை.

அம்மா இதையெல்லாம் சிரித்தே தள்ளிவிடுவாள். “உங்கத்தைக்கு வேற இன்னா பொழுதுபோக்கு கீது?” என்பாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

அப்பா இறந்தபோது, “இனிமே அவங்க ஊருக்கே போயிடுவாங்களா?” என்று என்னிடமே விசாரித்தார்கள். எந்த ஊருக்கு? அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பொட்டை எடு, பூவை எடு என்று மட்டும் யாரும் அம்மாவிடம் வரவில்லை. “வெள்ளக்காரிக்கு இன்னாத்த தெரியும், உடு” என்று அத்தையே சொல்லிவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அம்மா எப்போதும்போலச் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள், வந்தாள்.

அடுத்த வருஷம் எனக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்னால் ஒரு கரு கலைந்திருந்தது, அதனால் இந்தக் குழந்தையை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்த்தோம். வளைகாப்பு அம்மா வீட்டில். பூந்தமல்லியில் ஒரு பாய் கடையில் அரை நாள் உட்கார்ந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் பொறுக்கியவள் அம்மா. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவள் அம்மா.

என்னை மணையில் உட்கார வைத்தார்கள். அம்மா முகம் கழுவி, பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அத்தை எழுந்து அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

“நீ உள்ள போய் எல போடற வேலயப் பாரு. புருசன் இல்லாதவ வளையல் போடக்கூடாது. கொழந்தைக்கு ஆவாது.”

கேட்டீர்களா இந்த நியாயத்தை? முப்பது வருஷமாக அம்மா எங்கள் சனம் இல்லை. கூழுக்கு இல்லை, ஆரத்திக்கு இல்லை. ஒதுக்கி வைக்க வேண்டும் என்றதும் ஒரே நிமிஷத்தில் அவள் எங்கள் சனமாகிவிட்டாள்! அவள் சமைத்த சாதம் எல்லோருக்கும் ஆகும். அவள் பெற்ற மகளுக்கு அவள் கை ஆகாதாம்.

“எங்கம்மா போடாம எவளும் என் கையத் தொடக்கூடாது” என்று இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“பாத்தியா வாய! வயித்துப் புள்ளக்காரி பேசற பேச்சா இது?” என்றாள் அத்தை. என் மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பந்தல்காரரிடம் ஏதோ கேட்க வாசலுக்குப் போய்விட்டார். அவருக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் வேலை வரும்.

அம்மா சிரித்துத் தள்ளிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. பின்னால் நகர்ந்தாள்.

“வேணாம் பாப்பா. அத்தையே போடட்டும்.”

“நீ கூட இத நம்புறியாம்மா?”

என் பக்கத்தில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “நான் நம்பல. ஆனா போன வாட்டி மாதிரி ஏதாவது ஆச்சுன்னா என்னத்தான் சொல்வாங்க. அவங்க சொல்லிட்டுப் போவட்டும். ஒரு நாள் நீயும் நெனப்ப. அத என்னால தாங்க முடியாது.”

அடிப்பாவி அத்தை! பெற்ற மகளைப் பார்த்தே ஒரு தாய் பயப்படும்படி செய்துவிட்டாயே!

“நெனக்க மாட்டேன். போடு.”

“பாப்பா…”

“போடும்மா!” என்று கத்தினேன்.

அம்மா தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள். என் கை வீங்கியிருந்தது. பெருவிரல் முட்டியைத் தாண்டும்போது வளையல் பட்டென்று உடைந்து என் மடியில் விழுந்தது. “ஐயோ முருகா” என்று யாரோ சொன்னார்கள். அம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

நான் விடவில்லை. மறு கையால் மடியிலிருந்த துண்டுகளைத் தட்டிவிட்டேன்.

“தட்டு நெறைய கீதுல்ல,” என்றேன். “அடுத்தத எடும்மா.”