மஞ்சள் பூசிய கால்

ஜெர்மனிக்கு வந்து மூன்றாவது வருடம், மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை உடனே வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஏழு வயது மகள் காலை நீட்டியபடி கதிரையில் இருந்தாள். முதல்நாள் சைக்கிளால் விழுந்து முழங்கால் உரிந்த இடத்தில் நான் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசி, துணியால் கட்டியிருந்தேன். துணி கழன்றுவிட்டது. ரீச்சர் அந்த இடத்தைக் காட்டி "ஐட்டர், ஐட்டர்" என்றார். எனக்குத் தெரியாத சொல். மருந்தின் பெயரைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, ஓம், நல்லது என்ற கருத்தில் "யா, கூட்" என்று தலையாட்டினேன். அவருடைய முகம் மாறிவிட்டது. டாக்குத்தரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். அடியில் நல்ல சிவந்த தோல். சிரித்துவிட்டு அனுப்பினார். பின்னேரம் வேலையால் வந்த கணவரிடம் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டேன். சீழ் என்றார்.

ஊரில் எங்கள் குசினியில் மஞ்சள் படாத நாள் இல்லை. கழுவிய மீனில் பிரட்டுவோம், சொதியில் போடுவோம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறிக்கு மிளகோடும் உள்ளியோடும் வைத்து அரைப்போம். தடிமன் வந்தால் மஞ்சளைச் சுட்டுப் புகை பிடிப்போம். வெட்டுக்காயம் என்றால் வேப்பிலையோடு அரைத்துக் கட்டுவோம். சண்டையில் அரசாங்கம் குடாநாட்டுக்கு மருந்துச் சாமான் வராமல் மறித்த பிறகு ஸ்பிரிட்டும் இல்லை, பஞ்சும் இல்லை. மஞ்சள் மட்டும் இருந்தது.

அப்போது கணவர் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். நானும் மூன்று வயது மகளும் சுன்னாகத்துக்குக் கிட்ட அண்ணை வீட்டில் இருந்தோம். அண்ணை வெங்காயத் தோட்டக்காரர். ஒருநாள் சந்தைக்குப் போனவர் ஷெல் துண்டு பட்ட கெண்டைக்காலோடு வந்தார். சின்ன ஓட்டைதான். துண்டு உரசிக்கொண்டு போய்விட்டது என்றார். உப்புத்தண்ணீரால் கழுவி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். காலையும் மாலையும் அதையே செய்தேன். மேலே காய்ந்துகொண்டு வந்தது. மூன்றாம் நாள் அவருடைய மனைவி, என் மச்சாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா என்று கேட்டார். றோட்டில் ஷெல்லடி ஓயவில்லை.

"புண் காயுது மச்சாள். இப்ப போய்க் குழப்பவேண்டாம்" என்றேன்.

அவர் பிறகு கேட்கவில்லை. என்னை நம்பினார் என்றே நினைத்தேன்.

ஆறாம் நாள் அண்ணைக்குக் காய்ச்சல் உதறியது. சைக்கிளில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் மஞ்சள் பற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கழுவக் கழுவ மஞ்சளாகவே வந்துகொண்டிருந்தது. அது மஞ்சள் அல்ல என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. துண்டு உள்ளேதான் இருந்தது. டாக்குத்தர் என்னை ஏசவில்லை. இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் காலையாவது எடுத்து ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து மூன்றாம் நாள் அண்ணை இல்லை. செத்தவீட்டில் மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்தக் கையை உதறிவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது. அடுத்த வருடம் நான் இங்கே வந்துவிட்டேன்.

ஐட்டர் என்ற சொல்லை அறிந்த அடுத்த நாள் மச்சாளுக்குக் கடிதம் எழுதினேன். நான் மறித்ததால்தான் அண்ணை போனார் என்று முதல்முறையாக எழுதினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. அதற்கிடையில் சண்டையால் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மார்கழிக் குளிரில் அவருடைய கடிதம் வந்தது, சாவகச்சேரியில் யாரோ வீட்டு விறாந்தையிலிருந்து எழுதியது. என் கடிதத்தை வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது மடியில் கட்டிக்கொண்டு நடந்தாராம்.

"மச்சாள், நாலாம் நாளே எனக்குப் புண் மணந்தது. காலைக் கழட்டச் சொல்லுவினம் எண்ட பயத்திலை வாய் திறக்கேல்லை. நீங்கள் மறிச்சது எனக்கு வசதியாய்ப் போச்சு. இதைச் சொல்லாமல்தான் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதனான்."

நான் அழுவதைக் கண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றாள். மாமாவை அவளுக்கு நினைவில்லை. கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இங்கே வந்த பிறகு அவளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுக்காமல் விட்டதற்கு நான் கவலைப்படாத நாள் கிடையாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். மாமி சுகமாக இருக்கிறாவாம் என்றேன். அவள் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு விளையாடப் போனாள். அது அப்படியே விரிந்து கிடந்தது. அதை நான் ஒளிக்கவேண்டியிருக்கவில்லை.