ஏழரைக்கும் பத்துக்கும் இடையில்

கௌரி இரத்தினசிங்கம், கணித ஆசிரியை, வயது முப்பத்தெட்டு. 1995 பங்குனியில் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். ஒரு மாதத்தில் திரும்புவதாக இருந்தார். சித்திரையில் சண்டை மீண்டும் தொடங்கியது. ஐப்பசியில் ஊரே இடம்பெயர்ந்தது. அதன் பின் கணவரிடமிருந்து கடிதம் இல்லை. அவரும் கணித ஆசிரியர். அவர் எங்கே இருக்கிறார் என்பது கௌரிக்குத் தெரியாது. கௌரி இருக்கும் இடம் அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. வடக்கிலிருந்து வந்தவர்களைப் பொலிஸில் பதிய அஞ்சிய வீட்டுக்காரர்களால் வெள்ளவத்தையில் மூன்று முறை அறை மாறியிருந்தார்.

பிழைப்புக்குப் பாமன்கடையில் ஒரு ரியூட்டரியில், தனியார் வகுப்பில், கற்பித்தார். 1996 ஐப்பசியில் அங்கே விடைத்தாள் திருத்த அருந்ததி வந்தார். வன்னியில் விஞ்ஞானம் கற்பித்துவிட்டு வந்து, கனடா விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த இளம்பெண்.

முதற்கணக்கு, இரண்டரையை மூன்றரையால் பெருக்குவது. பல பிள்ளைகள் முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கி, ஆறேகால் என்று எழுதியிருந்தார்கள். கௌரி ஒவ்வொரு தாளிலும் 5/2 × 7/2 = 35/4, அதாவது எட்டே முக்கால் என்று சலிக்காமல் எழுதினார். அருந்ததியோ ஓரத்தில் இரண்டு நிலைக்குத்துக் கோடுகள் கீறி, ஒன்றின் கீழ் 7½, மற்றதன் கீழ் 10 என்று குறித்துக்கொண்டு போனார்.

“இதென்ன பிள்ளை, கோல் போஸ்டோ?”

“வேலி அக்கா. இரண்டரையை மூண்டால பெருக்கினா ஏழரை, நாலால பெருக்கினா பத்து. விடை அதுக்குள்ள நிக்கவேணும். இந்த ஆறேகால் வெளியில, ஒழுங்கையில நிக்குது.”

கௌரியின் பேனை நின்றது. இதே சொற்களை அவர் பதினொரு ஆண்டுகள் தம் வீட்டு மேசையில் கேட்டிருந்தார்.

“ஆர் உமக்கு இதைச் சொன்னது?”

“ஸ்கந்தபுரத்தில எங்கட கொட்டில் பள்ளிக்கூடத்துச் சேர். இரத்தினசிங்கம் எண்டு…” அருந்ததி நிறுத்தினார். “அக்கா, நீங்களோ சேரின்ர மனிசி?”

“எப்ப கண்டனீர்?”

“புரட்டாதியில. நான் வெளிக்கிட்ட அண்டைக்கும் படிப்பிச்சவர்.”

“மெலிஞ்சிட்டாரோ?”

“அங்க எல்லாரும் மெலிவுதான். குரல் மட்டும் குறையேல்லை. அடுத்த கொட்டில்ல என்ர வகுப்பும் சேர்த்துக் கணக்குத்தான் படிச்சது.”

கௌரி சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னைப் பற்றிக் கதைக்கிறவரோ?”

“ஓம். வெள்ளவத்தையில இருக்கிறா, எந்த ஒழுங்கை எண்டுதான் தெரியாது எண்டுவார். இரண்டு கடிதம் போட்டவராம், பழைய விலாசத்துக்கு.”

கௌரி அடுத்த தாளை எடுத்தார். (x² − 9)/2x × 4/(x + 3). பிள்ளை காரணிப்படுத்தி, பொதுக் காரணிகளை வெட்டி, 2(x − 3)/x என்று எழுதியிருந்தது. பார்த்தவுடனே சரியென்று தெரிந்தது.

“இதுக்கு அவர் என்ன செய்வார்?”

“x தெரியாமல் எங்க வேலி அடைக்கிறது எண்டு கேப்பார். x-ஐ ஐஞ்சு எண்டு வைச்சு இரண்டு பக்கமும் பாக்கச் சொல்லுவார்.”

கௌரி ஐந்தைப் பிரதியிட்டார். இரண்டு பக்கமும் ஐந்தில் நான்கு வந்தது. அடுத்த தாளிலும் அப்படியே செய்தார். பிறகு மீதமிருந்த பதினாறு தாள்களிலும்.

மறுநாள் செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் கணவருக்குக் கடிதம் கொடுத்தார். முதல் வரியிலும் கடைசி வரியிலும் தம் விலாசத்தையே எழுதியிருந்தார். மார்கழி முடியும்வரை பதில் இல்லை. அறையின் கூரை ஒழுகியது. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. கொட்டாஞ்சேனையில் நல்ல அறை இருப்பதாகச் சொன்னவர்களிடம், இப்போதைக்கு வேண்டாம் என்றார்.