அரை டம்ளர் சிவப்பு ஒயின்

துபாய் ஹோட்டலில் பதினோரு வருடம் ஒயின் ஊற்றிய கை என்னுடையது. சுவைத்துத் தரம் சொன்ன நாக்கும் என்னுடையதுதான். ஊரில் அதற்கு மரியாதை கிடையாது. 'சரக்கு ஊத்துறவன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதனால் குளத்தூரில் என் தங்கையின் மாமியார் ஒரு மலிவான சிவப்பு ஒயின் பாட்டிலை நீட்டி, "தம்பி, ஒங்களுக்குத்தான் இது தெரியும். நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

தங்கைக்கு ஆறு மாதம். வளைகாப்புக்கு நாள் குறிக்கப் போயிருந்தேன். பாட்டில் மாப்பிள்ளைக்காக இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

எவர்சில்வர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி டம்ளர் கேட்டேன். ஊற்றி, சாய்த்து, என் வெள்ளை வேட்டிக்கு நேராகப் பிடித்தேன். நல்ல ஒயின் ஓரத்தில் வெளுத்துக் காட்டும்; இது நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சாயம். முகர்ந்தால் திராட்சை இல்லை, ஜாம் வாசனை. ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினேன். முதலில் சர்க்கரை, அப்புறம் இருமல் மருந்து, கடைசியில் தொண்டையைச் சுடும் சாராயம். எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினேன். கொடுத்ததைத் துப்புகிறானே என்று அத்தையின் முகம் சுருங்கியது.

"மட்டம் அத்தை. சக்கரத் தண்ணியில சாராயத்தைக் கலந்து வச்சிருக்கான். யாரு குடிக்கிறது?"

"ஒங்க தங்கச்சிதான். தெனம் அரை டம்ளர். புள்ள செவப்பாப் பொறக்கணும்ல? குங்குமப்பூ விக்கிற வெலைக்கு நாங்க எங்கிட்டுப் போறது?"

எனக்குத் தலைக்குச் சுர்ரென்று ஏறியது. இவர் ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சர். இவரும் கருப்பு, இவர் பெற்ற மகனும் கருப்பு. பாட்டிலிலிருந்தா பேரனுக்கு நிறம் வரும்?

"டாக்டரம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"இதையெல்லாம் போய்க் கேப்பாங்களா? இது மட்டம்னா நீங்களே நல்லதா ஒண்ணு வாங்கியாங்க தம்பி."

என் தீர்ப்பில் அவர் காதில் ஏறியது அவ்வளவுதான். சம்பந்தி வீடு என்பதையும் மறந்துவிட்டேன்.

"ஒசத்தியோ மட்டமோ, ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது அத்தை. புள்ளையோட மூளையையே கெடுக்கும். டீச்சருக்கு நான் சொல்லணுமா? கருப்பாப் பொறந்தா தூக்கி வீசிருவீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மீதி ஒயினை வாஷ்பேசினில் கவிழ்த்தேன். இனி இந்த வீட்டில் விட்டுவைப்பதா, கையோடு கூட்டிக்கொண்டு போவதா என்றுதான் தங்கையைப் பார்த்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கேட்பதற்கு அண்ணன் இருக்கிறான் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்கள ஏண்ணே வையிற?" என்றாள். "பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தி நீதானே ஏர்போர்ட்ல வாங்கியாந்து குடுத்த? ஒசந்த ஒயின், ஒரு மாசம் குடி, கலர் வரும்னு சொன்ன. அண்ணனே குடுத்துச்சு, ஒண்ணும் செய்யாதுன்னு நாந்தான் அத்தைகிட்டச் சொன்னேன்."

அத்தை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.