ஆழமாக நடாத வேலிக்கால்

மகள் பென்சில் கோட்டை அழித்தபோது ரப்பர் வாடை வந்தது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டங்களும் அம்புக்குறிகளும். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். நான் படித்தது ஆறாம் வகுப்பு. கட்டம் என்றால் எனக்கு ஜாதகம்தான்.

"வீட்டுக்கு பிளான் போடற மாதிரிதாம்மா. யாரு எங்க நுழையணும், எப்படிப் போவணும்னு மொதல்லயே வரையணும்."

எல்லா அம்புகளும் ஒரே கட்டத்துக்குள் போயின. "இது கெட்டுப்போனா?" என்றேன்.

"ஒரே வாசல்தான் பாதுகாப்புலா."

இந்த ரப்பர் வாடையும் இந்தப் பேச்சும் எனக்குப் பழையவை. வெள்ளைக்காரன் மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பத்தொன்பது வயதில் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்களிடமிருந்து அரிசி போகக்கூடாதென்று, சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, பிரித்து ஒரே வாசல் வைத்த முள்கம்பி வேலிக்குள் ஒன்றாகக் கட்டச் சொன்னது அரசாங்கம். தோட்டத்துத் தச்சர் என் அண்ணன். பிளானைப் பார்த்ததும் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் போனார்.

"ஐயா, எல்லாம் அத்தாப்பு ஓலைக் கூரை, தீப்பிடிச்சா போச்சு. மாட்டுக் கொட்டாய்க்கே நான் ரெண்டு வழி வெப்பேன்."

"கம்யூனிஸ்டுக்கு வாசல் வெக்கிறியாடா?" கன்னத்தில் அறை விழுந்தது.

அண்ணன் கடைசி லயத்துக்குப் பின்னால் ஒரே ஒரு வேலிக்காலை ஆழமாக நடாமல் விட்டார். உள்ளேயிருந்து தூக்கினால் கம்பியும் சேர்ந்து எழும்பும். என்னிடம் மட்டும் காட்டினார்.

ஆறு மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள். ஒரு மாலை, பூட்டிய சற்று நேரத்தில் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். காவலர் இருவர் விழுந்தனர். முன்லயம் பற்றியது. பழக்கதோஷம் பாருங்கள், குண்டு வரும் வாசலுக்கே ஓடினோம். பக்கத்து வீட்டு அக்கா கழுத்தில் பட்டு என்மேல் சாய்ந்தார்; கைலி முழுக்கச் சூடாக ரத்தம்.

"பின்னால வாங்க!" அண்ணன் வேலிக்காலைத் தோளில் தூக்கி நின்றார். முள் அவர் முதுகைக் கிழிக்க, லயத்துச் சனமே ஊர்ந்து வெளியேறியது.

மறுநாள், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பட்டாளத்தார் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"கம்யூனிஸ்டுக்கு வழி வெச்சவன் யாரு?"

கிராணி அண்ணனைக் காட்டினார். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பல் இரண்டு மண்ணில் விழுந்தது. அந்த வழியில்தான் பிழைத்தோம் என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். எனக்குக் கூச்ச சுபாவம் என்பார்கள். மரியாதையான சொல், நானும் மறுப்பதில்லை. லோரியில் ஏற்றும்போது அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வீடு திரும்பவேயில்லை.

"பின்னால ஒரு வழி வெய்யி" என்றேன் மகளிடம்.

"அது ஓட்டைம்மா. யாரு வெச்சான்னு கேப்பாங்க."

"எங்கம்மாதான் வெக்கச் சொன்னாங்கன்னு சொல்லு."

அன்று அண்ணனுக்காக இப்படி ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டிய பெரட்டுக்களத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது.